பிடி அரிசிப் பானை

முத்தின சம்பா நெல்லுக்குன்னு ஒரு வாசனை உண்டு. வெயில் ஏற ஏற, காத்து கொஞ்சம் திரும்பினா போதும்... கோயிலுக்குள்ளயே வந்துடும்.

அந்தத் தை மாசம் அந்த வாசனை வந்தாலே எனக்கு எரிச்சலா இருந்துச்சு. வயலெல்லாம் தலை சாய்ஞ்சு நிக்குது, அறுக்க ஆள் இறங்கலை. கூலி நெல்லை ஏத்திக் கேட்டு எங்க தெருவே வேலைநிறுத்தம். மிராசுதாருங்க வெளியூர் ஆளுங்களைக் கொண்டுவர, வரப்புலயே கைகலப்பு. போலீஸ் வேன் வந்து ஆம்பளைங்களை ஏத்திக்கிட்டுப் போயிடுச்சு. எங்க அப்பாவும் அதுல போனவருதான்.

ஏழைங்க ஆட்சி வந்தாச்சுன்னு மைக்குல முழங்கின காலம் அது. எங்க தெரு அடுப்புல பூனை தூங்குச்சு.

தரங்கம்பாடிக்கு மேற்க சின்ன ஊரு. கீத்துக் கொட்டகைதான் கோயில். எஸ்.எஸ்.எல்.சி. முடிச்சிட்டு நான் அங்க சண்டே ஸ்கூல் டீச்சர். சம்பளமெல்லாம் கிடையாது. பிள்ளைங்களுக்கு நான் "டீச்சரக்கா".

எங்க சபைல பிடி அரிசிக் காணிக்கைன்னு ஒரு வழக்கம். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்து வச்சு, ஞாயித்துக்கிழமை கோயில் பானைல கொட்டணும். பிள்ளைங்களும் ஆளுக்கொரு குட்டித் துணிப்பை வச்சிருக்கும். பானை நிறைஞ்சதும் எங்க ஊரைப் பார்த்துக்கிற சபை ஊழியர், உபதேசியார், சைக்கிள்ல வந்து மூட்டை கட்டி டவுன் சபைக்கு எடுத்துட்டுப் போவாரு. அது கர்த்தருடையது. தொடக்கூடாது... அப்படித்தான் எங்களை வளர்த்தாங்க.

அந்த ஞாயித்துக்கிழமை பிள்ளைங்க வெறும் பையோட வந்துச்சுங்க. ஏன்னு கேக்கவே வேணாம். எங்க வீட்லயே முந்தின நாள்லேர்ந்து வெறும் தண்ணிதான். கோயில் பானை மட்டும் முந்தின வாரங்கள்ல போட்டதுல நிறைஞ்சிருந்துச்சு.

காணிக்கைப் பாட்டு முடிஞ்சுது. முதல்ல எழுந்து வந்தவ ஞானப்பூ. அஞ்சு வயசு இருக்கும். முன்பல் ரெண்டும் இல்ல. பானை பக்கத்துல வந்து பையை அகலமா விரிச்சுப் பிடிச்சா.

"போடுங்க டீச்சரக்கா."

"நீதான்டி போடணும்."

"எங்க வூட்ல இல்லக்கா. இயேசப்பா வூட்லதான் இருக்கு."

"அது காணிக்கைம்மா. குடுத்ததைத் திருப்பிக் கேக்கக் கூடாது."

அவ என்னைப் பார்த்த பார்வை... கோவம் இல்ல, கெஞ்சல் இல்ல. டீச்சரக்காவுக்கு இதுகூடத் தெரியலையேங்கிற ஆச்சரியம்.

"அவரு நம்ம அப்பான்னு நீங்கதானே சொன்னீங்க. பசிச்சா அப்பாகிட்டதானே கேக்கணும்?"

பின்னாடி எல்லாப் பிள்ளைங்களும் பையை விரிச்சுக்கிட்டு வரிசைல நிக்குதுங்க. கிடைக்குமா கிடைக்காதாங்கிற சந்தேகம் ஒரு மூஞ்சிலயும் இல்ல. பின்னாடி நின்னவன் ஒருத்தன், "சீக்கிரம் போடுங்கக்கா"ன்னு அவசரப்படுத்துறான்!

ரெண்டு நாளா நானும்தான் முழங்கால்ல நின்னேன். "பெலன் தாரும், பொறுமை தாரும்"னு ஜெபிச்சேன். பசிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லலை. ஆண்டவர்கிட்டயே கௌரவம் பார்த்திருக்கேன்.

மத்தியானம் உபதேசியார் மூட்டை கட்ட வருவாரு. திட்டுவாருன்னு தெரியும். ஆனா பானைக்குள்ள கையை விட்டுட்டேன். அதுங்க போட்டதெல்லாம் சின்னப் பிடி. நான் ரெண்டு கையாலயும் அள்ளி அள்ளிப் போட்டேன்.

எல்லாரும் வாங்கின பிறகு ஞானப்பூ நகரலை. "உங்க பை எங்கக்கா?"ன்னா. நான் பதில் சொல்றதுக்குள்ள பானை அடியில கிடந்ததை வழிச்சு என் தாவணியில போட்டா.

அன்னைக்கு எங்க தெருவுல புகை வந்துச்சு.

உபதேசியார் வந்தாரு. வெறும் பானையைப் பார்த்துட்டு, "ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டு செய்யக் கூடாதாம்மா?"ன்னு சத்தம் போட்டாரு. ஞானப்பூ அவரு வேட்டியைப் பிடிச்சு இழுத்து, "தாத்தா, இங்க தீந்துபோச்சு. அடுத்த வாரத்துக்கு டவுன்லேர்ந்து கொண்டாங்க"ன்னா.

மனுஷன் அவளைக் குனிஞ்சு பார்த்தாரு. அப்புறம் சிரிச்சாரு... கண்ணைத் தொடைச்சுக்கிட்டே சிரிச்சாரு. அடுத்த வாரம் கேரியர்ல மூட்டை வந்துச்சு. ஞானப்பூ ஆச்சரியப்படவே இல்ல.

அப்பா திரும்பி வந்தாரு. கூலியும் கொஞ்சம் ஏறுச்சு. நான் கல்யாணமாகி மெட்ராஸ் வந்துட்டேன்.

இப்ப எங்க சபைல ஏசி இருக்கு, ஸ்கிரீன்ல பாட்டு வருது. காணிக்கை போன்லயே போயிடுது. நானும் நல்லா ஜெபிப்பேன், கூட்டத்துல என்னைத்தான் ஜெபிக்கச் சொல்வாங்க. வீட்டுக்காரரு போய்ச் சேர்ந்து ரெண்டு வருஷம். பையன் கனடாவுல. போன் பண்ணினா, "நல்லா இருக்கேன்டா"ன்னுதான் சொல்றது. ஆண்டவர்கிட்டயும் அதையேதான் அழகழகா சொல்லிட்டிருக்கேன்.

ஞானப்பூ எங்க இருக்காளோ... அந்த ஞாயித்துக்கிழமைக்குத் திரும்பிப் போய் அவ பின்னாடி வரிசைல நிக்கணும்னு இருக்கு.

இன்னைக்குக் காலைல கட்டில்ல உட்கார்ந்து முந்தானையை விரிச்சுப் பிடிச்சேன். "தனியா இருக்க முடியலப்பா"ன்னு மட்டும் சொன்னேன்.

ரொம்ப நேரம் முந்தானையை மடக்கவே இல்ல.