கண்ணாடி அறைக்குள் இருந்தவள்

எழுபது அகவையைக் கடந்த பின்னும் என் தந்தையின் மீதுள்ள சினம் தணியவில்லை. அதற்கு வித்திட்டது மலிவானதொரு திரைப்படம் என்றால் நகைப்பீர்கள்.

அரிமளத்துக் கீற்றுக் கொட்டகைக்கு ஆங்கிலப் படமொன்று வந்திருந்தது. வேற்றுக் கோளிலிருந்து குருதி குடிக்கும் பெண்பேய் வருவதாகச் சுவரொட்டி அச்சுறுத்தியது. அப்போது, கணவர் வீட்டிலிருந்து தனியே திரும்பிவிட்ட என் அத்தையை மறுநாள் பொன்னமராவதிக்கு அழைத்துச் செல்ல அவர் கணவரான மாமா வந்திருந்தார். மாமா தன்னை அறையில் பூட்டிவைப்பதாக அத்தை பலமுறை சொல்லியும் தந்தை நம்பவில்லையாம். பின்னாளில் தாய் சொல்லித்தான் இதை அறிந்தேன். இணக்கம் ஏற்பட்டுவிட்டது என்றனர். இரண்டு ஆண்களின் வசதிக்கு அப்படியொரு பெயர். அதைக் கொண்டாட மாமா எங்கள் எல்லோரையும் மாலைக் காட்சிக்கு அழைத்துச் சென்றார்.

கொட்டகைக்குள் ஆண்களையும் பெண்களையும் இடுப்பளவு மண்சுவர் பிரித்தது. சிறுவனாகையால் நான் பெண்கள் பக்கம், அத்தை குவித்துத் தந்த மணல்மேட்டில் அமர்ந்தேன்.

விண்கலம் தொங்கிய நூல் நன்றாகவே தெரிந்தது. "இட்லிக் கொப்பர மூடி பறக்குதுடோய்" என்று ஒருவர் கூவ, கொட்டகையே சிரித்தது. ஆங்கிலம் அறியாத எங்களுக்காகக் கொட்டகைக்காரர் ஒலிபெருக்கியில் கதை சொல்லிவந்தார்.

படமெடுத்தவனிடம் பொருள் இல்லாவிடினும் நெஞ்சு இருந்தது. அறிவியலறிஞன் ஒருவன் அந்தப் பெண்பேயைப் பிடித்துக் கண்ணாடி அறையில் அடைத்தான். அவளோ எவரையும் கடிக்கவில்லை. அவன்தான் தன் இளமை நீடிக்க நாள்தோறும் ஊசியால் அவள் குருதியை எடுத்துவந்தான். அவள் கொடியவள் என்று வெளியே சொன்னான்; எல்லோரும் நம்பினார்கள். கொட்டகையில் சிரிப்பு அடங்கிற்று.

"யாரு ரத்தத்த யாரு குடிக்கிறாங்கன்னு இப்பத் தெரியுதாங்க?" என்றார் கொட்டகைக்காரர்.

அத்தை எழுந்து நின்றார். மண்சுவருக்கு அப்பால் பார்த்து, "அண்ணே, பாத்தீங்கள்ல? இப்பவாச்சும் நம்புறீங்களா?" என்றார். உரக்கக்கூடச் சொல்லவில்லை.

மாமா சிரித்தார். "படம் எது, குடித்தனம் எதுன்னு ஒங்க தங்கச்சிக்குத் தெரியல மச்சான்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தனர். தங்கையின் கேள்வியைவிட அந்தப் பார்வைகளே தந்தைக்குப் பெரிதாயின. "எந்திரிங்க எல்லாரும். மானத்த வாங்கிட்டா" என்று படம் முடியுமுன்பே எங்களை இழுத்துக்கொண்டு வெளியேறினார்.

முடிவைக் காணவிடவில்லையே என்று எனக்கு அடங்காச் சினம். மறுநாள் காலையில் மாமாவுடன் பேருந்தில் அமர்ந்திருந்த அத்தையிடம் சன்னலோரம் நின்று கேட்டேன்: "அவ வெளிய வந்துருவாளா அத்தை?"

அத்தை எனக்குப் பின்னால் நின்ற தந்தையைப் பார்த்தார். "ஒங்கப்பாவக் கேளுய்யா. அவுகளுக்குத்தான் தெரியும்."

நான் அதை அப்படியே நம்பினேன். பேருந்து நகர்ந்ததும் தந்தையின் கையைப் பற்றி அதே கேள்வியைக் கேட்டேன். கன்னத்தில் அறைந்தார். ஒரு படத்தின் முடிவைக் கேட்டதற்கா இவ்வளவு கோபம் என்று அழுதபடியே வீடு வந்து சேர்ந்தேன்.