என் மடியில் இறக்கிய சாமி முடி

எனக்கு வயது எண்பத்து மூன்று. ஏழு பிள்ளைகளைப் பெற்று ஏழையும் வளர்த்து ஆளாக்கினேன். தேவகோட்டைக்குப் பக்கத்தில் வயலும் மாடுமாக நல்ல குடித்தனம் எங்களுடையது. பிள்ளையார்பட்டிக் கற்பக விநாயகர் என் நாலாவது மகள் பஞ்சவர்ணத்துக்குச் செய்ததை, அவரைக் கும்பிடுகிறவர்கள் எல்லாரும் அறியட்டும் என்று சொல்கிறேன்.

அறுபத்தொன்பதாம் வருஷம், தை அறுப்பு முடிந்த சமயம். அவளுக்கு ஆறு வயது. சோறு தின்றுகொண்டிருந்தவளுக்கு இடது கை வெட்டி வெட்டி இழுத்தது. வாய் கோணியது. கண் மேலே செருகியது. காற்றுக் கருப்பு என்று மந்திரித்தோம், தாயத்துக் கட்டினோம். நிற்கவில்லை. மாசிக்குள் தினமும் வர ஆரம்பித்தது. நாள் முழுக்கப் பாடித் திரிந்த பிள்ளைக்குப் பேச்சே நின்றுபோனது. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள், அவ்வளவுதான்.

தேவகோட்டை டாக்டர் மதுரைக்கு அனுப்பினார். மதுரையில் மெட்ராஸுக்கு எழுதிக் கொடுத்தார்கள். மெட்ராஸ் டாக்டர் தலையைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, மூளையில் வலது பக்கம் கட்டி இருக்கிறது, மண்டையைத் திறந்துதான் எடுக்க வேண்டும் என்றார். திறந்தால் பிழைக்கலாம். பிழைத்தாலும் இடது கை வராமல் போகலாம். ஆபரேஷனிலேயே உயிர் போனாலும் போகலாம். திறக்காவிட்டால் பிள்ளை நிச்சயம் தங்காது. ஊருக்குப் போய்க் கலந்து பேசிவிட்டுச் சீக்கிரம் வாருங்கள், நாள் கடத்தாதீர்கள் என்றார்.

வீட்டுக்கு வந்தால் வேறு வழக்கு. பஞ்சவர்ணத்தின் தலைமுடி சாமி முடி. பிறந்ததிலிருந்து கத்தி படாதது. குலதெய்வம் அய்யனார் கோயிலில், தாய்மாமன் மடியில் உட்கார வைத்து மொட்டையடித்துக் காது குத்துவதாக என் மாமியார் நேர்ந்திருந்தார்கள். அந்தத் தாய்மாமன் என் தம்பி. பிழைப்புக்குப் பினாங்கு போயிருந்தான். அவன் வரட்டும், வரட்டும் என்று முடி இடுப்புவரை வளர்ந்துவிட்டது.

"ஆசுபத்திரியில எவனோ செரச்சுக் குப்பையில போடுவான். சாமி குத்தம் வந்தா யாருடி தாங்குறது? ஒன் தம்பிக்குத் தந்தி குடு. அவன் வந்து எறக்கட்டும், அப்பறம் மெட்ராசுக்குப் போங்க" என்றார்கள் மாமியார்.

"அவன் கப்பலேறி வர்றதுக்குள்ள புள்ள இருக்கணுமே, அத்தை" என்றேன்.

 என் வீட்டுக்காரருக்குச் சாமி குற்றத்தைவிட, ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போடுவதில்தான் பயம். "நான் கையெழுத்துப் போட்டு அவ போயிட்டா, நானே கொன்ன மாதிரி ஆயிரும்ல" என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

மறுநாள் காலையில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பிள்ளையார்பட்டிக்குப் பஸ் ஏறினேன். அவரும் பின்னாலேயே வந்தார். சன்னதியில் நின்று கேட்டேன். "அப்பனே, பொழைக்க வச்சுக் குடுன்னு அப்பறம் கேக்குறேன். இப்ப, போறதா வேண்டாமான்னு ஒரு சொல்லுச் சொல்லு. நீ சொல்லிட்டா நான் வேற யாரு பேச்சையும் கேக்க மாட்டேன்." அழவில்லை. கேட்டேன், அவ்வளவுதான்.

தீபாராதனை ஆனது. திருநீறு பூசுவதற்காகப் பிள்ளையின் நெற்றி முடியை ஒதுக்கினேன். பஞ்சவர்ணம் என் கையைப் பிடித்தாள்.

"ஆத்தா, தலை கனக்குது. முடிய எடுத்துவிடு."

பேச்சே இல்லாமல் கிடந்த பிள்ளை. என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன்.

"கேட்டீகளா?" என்றேன்.

"கேட்டேன்."

"இனி யாரு சொல்லணும்? நீங்க கையெழுத்தப் போடுங்க. பாரத்த அவரு மேல போடுங்க."

அன்று சாயங்காலமே அய்யனார் கோயிலுக்குப் போனோம். மாமியார் சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள்.

"மாமன் மடி இல்லாம மொட்டையா? ஊரு சிரிக்கும்டி."

"அவன் பொறந்த வயித்துலதான் அத்தை நானும் பொறந்தேன். என் மடி போதும்."

முடியெடுக்க வந்தவர் கத்தியைத் தீட்டிக்கொண்டே, "மடி யாருதா இருந்தா என்ன, புள்ள ஆடாம இருந்தாச் சரி. ரெண்டு பேரும் சண்டைய முடிச்சுட்டுச் சொன்னீகன்னா நான் கத்திய வைப்பேன்" என்றார்.

பிள்ளையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்தேன். முதல் கற்றை விழுந்தபோது, அது தரையில் படாமல் மாமியாரே முந்தானையை விரித்து ஏந்தினார்கள். 

மெட்ராஸில் நர்ஸம்மா சந்தனம் பூசிய மொட்டையைப் பார்த்துவிட்டு, "எங்க வேலையை மிச்சம் பண்ணிட்டீங்களே" என்று சிரித்தார். என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டார். எனக்கு என் பெயரை மட்டும் எழுதத் தெரியும். அவர் பெயருக்குக் கீழே நானும் எழுதினேன்.

காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே தரையில் உட்கார்ந்து, "அப்பறம் கேக்குறேன்னு சொன்னேன்ல, இப்பக் கேக்குறேன், குடு" என்று பிள்ளையாரையே கேட்டுக்கொண்டிருந்தேன். வெயில் சாய்ந்த பிறகு டாக்டர் வந்தார். கட்டியை எடுத்தாகிவிட்டது, பிள்ளை கண் விழிக்க வேண்டும் என்றார். மறுநாள் விழித்தாள். தண்ணீர் கேட்டாள். என் விரலை அவளுடைய இடது கைக்குள் வைத்தேன். மெல்லப் பற்றினாள். அப்போதுதான் அழுதேன்.

பல வருஷம் மாத்திரை சாப்பிட்டாள். வலிப்பு திரும்பி வரவில்லை. இடது கையில் இரண்டு விரல் இன்றைக்கும் முழுசாக நீளாது. அந்தக் கையால்தான் சதுர்த்திக்குச் சதுர்த்தி அவருக்குக் கொழுக்கட்டை பிடிக்கிறாள்.

தம்பி பினாங்கிலிருந்து வந்ததும், "என் மடிக்கு என்னக்கா கொறச்சல்?" என்று கோபித்துக்கொண்டான். "காது இன்னும் குத்தலடா, உக்காரு" என்றேன். உட்கார்ந்தான்.

அன்றிலிருந்து பிள்ளையாரைக் கேட்காமல் நான் எதையும் தொடங்குவதில்லை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு முடிவு வந்து நின்றால், அவர் முன்னால் போய் நின்று கேளுங்கள். டாக்டர் நாள் சொன்னால் அந்த நாளைத் தவறவிடாதீர்கள். கத்தி பிடிக்கிற கையையும் அவர்தான் பிடித்திருக்கிறார். என் மகளுக்குச் செய்தவர் உங்கள் பிள்ளைக்கும் செய்வார்.

நான் சொல்லச் சொல்ல எழுதியது பஞ்சவர்ணத்தின் மகள், என் பேத்தி. எங்கே தாயி, முதலிலிருந்து நிதானமாக வாசி, கேட்போம். கொஞ்சம் சத்தமாகவே வாசி. உன் அம்மா அடுப்படியில்தான் இருக்கிறாள், அவள் காதிலும் விழட்டும்.