ஒரு நாள் தாங்கும்

கலிபோர்னியாவில் வியட்நாமியர் குடியேறிய லிட்டில் சைகோனில் உயெனைப் பற்றி நல்ல வார்த்தை கேட்க வேண்டுமென்றால் ஹோவா பின் கடைத்தொகுதிப் பக்கம் போகவே கூடாது என்று ஒரு காலம் இருந்தது. அங்கே காப்பிக் கடை வாசலில் ஐஸ் போட்ட பால்காப்பியும் சிகரெட்டுமாக உட்கார்ந்திருக்கும் ஆண்களுக்குக் காலைத் தீனியே அவள் பெயர்தான்.

"படிக்க வெச்சது நம்ம சனம். வேலை பாக்கறது மட்டும் வெள்ளக்காரனுக்கு."

"வெள்ளக்காரனுக்கு இல்லப்பா, குளிர்ப்பெட்டிக்கு. அவ கட்சிக்காரன் குளிர்ப்பெட்டிதான்."

எல்லாரும் சிரிப்பார்கள். அதே மேசையில் உயெனின் அப்பா துவோங், கலக்கி முடித்த காப்பியை மறுபடியும் கலக்கிக்கொண்டிருப்பார். மகளைத் திட்டும் கூட்டத்தில் போய் எதற்கு உட்கார வேண்டும் என்று கேட்கலாம். வேறு எங்கே போவார்? முப்பது வருடமாக அவர் நாற்காலி அதுதான்.

உயென் பத்து வயதில் அப்பாவோடு வியட்நாமின் ராக் யா கடற்கரையில் ஒரு மீன்பிடிப் படகில் ஏறியவள். மலேசியத் தீவு அகதி முகாமில் ஒரு வருடம், பிறகு கலிபோர்னியா. அம்மாவும் தம்பியும் விமானத்தில் வந்து சேர ஒன்பது வருடம் ஆனது. அப்பா தொழிற்சாலையில் ரேடியோப் பலகைகளுக்கு ஈயம் பற்ற வைத்துக்கொண்டிருந்த அந்த வருடங்களில், குடியிருப்பு முழுவதற்கும் ஆங்கில வாய் உயென்தான். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், தண்ணீர் ஆபீஸ் என்று யாருக்கு எங்கே வேலை இருந்தாலும் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார்கள். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்கும் பெரியவர்கள் கெஞ்சுவார்கள். அந்தப் பக்கம் இருப்பவர் ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, முடியாது என்பார். கெஞ்சலை மொழிபெயர்ப்பது அவளுக்கு அவமானமாக இருந்தது. அந்தப் புத்தகத்தைப் படித்துவிடுவது என்று அப்போதே முடிவு கட்டிவிட்டாள். முடிவு கட்டினால் அவள் அவ்வளவுதான், யார் சொன்னாலும் இறங்க மாட்டாள்.

சட்டம் படித்தாள். மாவட்ட அரசின் சட்ட அலுவலகத்தில் வேலை கிடைத்தது. அந்த அலுவலகத்தில் நுழைந்த முதல் வியட்நாமியப் பெண் அவள். துவோங் அன்றைக்குக் காப்பிக் கடையில் எல்லாருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்தார்.

அம்மா இல்லாத அந்த ஒன்பது வருடமும் உயெனுக்குச் சோறு போட்டவள் பக்கத்து வீட்டுத் தோவா. பிறகு ஹோவா பின்னில் பலகாரக் கடை வைத்தாள். வருடம் முழுக்க வியாபாரம் உண்டு என்றாலும் கடை நிற்பது தெத் புத்தாண்டு மாதத்தின் பான் தெத் விற்பனையில்தான். ஒட்டரிசி, பாசிப்பருப்பு, பன்றிக் கொழுப்பு, எல்லாம் வாழையிலையில் உருளையாகச் சுற்றி, நாரால் கட்டி, ராத்திரி முழுக்க அவித்து, ஜோடி ஜோடியாகக் கம்பியில் தொங்கவிட்டிருப்பாள். தோவாவின் கட்டு அவிழாது, இலை வெளுக்காது. சான் டியேகோவிலிருந்தெல்லாம் வண்டி போட்டுக்கொண்டு வருவார்கள்.

அந்தக் கம்பியைத்தான் சுகாதார ஆய்வாளர் பார்த்தார். வெந்த அரிசி ஒன்று கொதிக்கிற சூட்டில் இருக்க வேண்டும், இல்லை குளிர்ப்பெட்டியில் இருக்க வேண்டும் என்பது விதி. நடுவில் தொங்கக் கூடாது. குளிர்ப்பெட்டியில் வைத்த பான் தெத்தை வெட்டக் கத்தி போதாது, ரம்பம் வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. தோவா முதல் தடவை சிரித்து அனுப்பினாள். இரண்டாம் தடவை ஒரு ஜோடியைக் கையில் கொடுத்து அனுப்பப் பார்த்தாள். அதையும் லஞ்சம் என்று எழுதாமல் விட்டாரே, நல்ல மனிதர். மூன்றாம் தடவை கடை உரிமத்தை ரத்து செய்ய விசாரணை என்று வந்துவிட்டது.

வழக்கு முதலில் ப்ரூயிட் என்ற சக வக்கீலின் மேசைக்குத்தான் போனது. மூன்று தடவை மீறிய கடையை மூடுவதே சரி என்று அவன் சாப்பாட்டு நேரத்தில் சொன்னதை உயென் கேட்டாள். சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு மேலதிகாரியிடம் போனாள்.

"இத நான் நடத்தறேன். ஆனா ஒண்ணு சொல்லணும். அந்தம்மா எங்க பக்கத்து வீடு. சின்ன வயசுல அவங்க வீட்டுச் சோறு சாப்பிட்டிருக்கேன்."

"சொந்தமா?"

"இல்ல."

"இந்த ஊர்ல யார் வீட்டுச் சோறு யார் சாப்பிடல? நடத்து."

மீறல் நடந்திருக்கிறது, அதை மறைக்க முடியாது. ஆனால் அபராதத்தோடு நிறுத்தும்படி கேட்பது அரசு வக்கீலின் கையில் இருந்தது. கடையைக் காப்பாற்ற அவளுக்குத் தெரிந்த ஒரே வழி, கடைக்கு எதிராகத் தானே நிற்பது. இதைத் தோவாவிடம் முன்கூட்டிச் சொல்லவும் கூடாது. எதிர்க்கட்சிக்காரியிடம் தனியாகப் பேசினால் வழக்கு மறுபடி ப்ரூயிட்டின் மேசைக்குப் போய்விடும்.

விசாரணை அறையில் பாதி ஹோவா பின் வந்து உட்கார்ந்திருந்தது. தோவா பட்டு ஆவ் யாய் அங்கி உடுத்திக்கொண்டு வந்திருந்தாள், கல்யாணத்துக்கு வருகிற மாதிரி. உயென் எதிர்ப்பக்க மேசையில் உட்கார்ந்ததைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. நம்ம பெண் இருக்கிறாள், இனி என்ன கவலை என்று நினைத்தாள். விசாரணை அதிகாரி கேட்ட முதல் கேள்விக்கே உயெனைப் பார்த்துத்தான் பதில் சொன்னாள்.

"அத்தைய என்ன கண்ணு இவங்க கேக்கறாங்க? நீயே சொல்லேன். அத்தை கையால தின்னு உனக்கு என்னைக்காவது வயிறு வலிச்சிருக்கா?"

உயெனுக்கும் வாய் முந்திக்கொண்டது. "அத்தை, அவரப் பாத்துப் பேசுங்க."

எங்கள் வியட்நாமிய மொழியில் பொதுவாக 'நீங்கள்' என்று ஒரு சொல் கிடையாது. எதிரே நிற்பவர் அத்தை, அக்கா, மாமா, தாத்தா என்று யாராவது ஒருவராக இருந்தே தீர வேண்டும். மீன்காரியும் அத்தைதான், பல் டாக்டரும் அத்தைதான். மொழிபெயர்ப்பாளர் புதுப் பையன், வேலையில் மிகவும் நேர்மை. இரண்டு பேர் சொன்னதையும் அத்தை என்றே ஆங்கிலத்தில் எடுத்து வைத்தான். விசாரணை அதிகாரி பேனாவை மூடினார்.

"வக்கீலம்மா, இவங்க உங்க அத்தையா? அப்படின்னா இப்பவே நிறுத்திடறேன். வேற வக்கீல் வரட்டும்."

வேறு வக்கீல் என்றால் ப்ரூயிட். உயென் எழுந்து நின்றாள்.

"இல்லைங்க. இவங்க எனக்கு உறவு கிடையாது."

"அத அவங்ககிட்டயும் சொல்லிடுங்க. இங்க ரெண்டு பேரும் முறையா பேசணும்."

உயென் திரும்பி, தன் சொந்த மொழியில், முன்பின் தெரியாத ஒருத்தியைக் கூப்பிடும் வார்த்தையால் கூப்பிட்டாள்.

"திருமதி தோவா, நமக்குள்ள உறவு இல்ல. கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

அடித்திருந்தால்கூட தோவா தாங்கியிருப்பாள். அதன் பிறகு கேட்டதற்கெல்லாம் ஆமாம், இல்லை என்று மட்டும் சொன்னாள். தீர்ப்பு உயென் கேட்டபடியே வந்தது. அபராதம் உண்டு, கம்பியில் தொங்கவிடக் கூடாது, கடை மூட வேண்டியதில்லை. ஜெயித்துவிட்டு வெளியே வந்தவளுக்கு நடைபாதையில் வழி விட்டார்கள், தொற்றுநோய்க்காரிக்கு விடுகிற மாதிரி.

அன்று மாலை துவோங் மகள் வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"கடைய நீதான் காப்பாத்தினேன்னு நான் சொல்லட்டுமா?"

"சொல்லாதீங்கப்பா. சொன்னா, அரசாங்க வக்கீல் சொந்தக்காரங்களுக்குச் சலுகை காட்டறான்னு ஆயிடும். அந்தத் தீர்ப்பும் நிக்காது."

"அப்ப நான் காப்பி குடிக்கற எடத்துல என்ன பண்ணட்டும்?"

"காப்பி குடிங்க."

அவர் போன பிறகு உயென் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு யோசித்தாள். அந்த அறையில் விதியை யாரும் மாற்ற முடியாது. விதி எழுதுகிற அறை வேறு ஊரில் இருக்கிறது. அடுத்த மாதமே மாவட்ட வேலையை விட்டாள். மாநிலத் தலைநகரில், சட்டமன்றச் சுகாதாரக் குழுவுக்குச் சட்ட வரைவு எழுதும் வேலைக்குப் பாதிச் சம்பளத்தில் சேர்ந்தாள்.

தலைநகரில், பான் தெத்தை வெளியில் வைத்து விற்க ஒரு சட்டம் வேண்டும் என்று நச்சரிக்கும் அவளைப் பார்த்தால் உறுப்பினர்கள் மின்தூக்கியை விட்டுவிட்டுப் படியேறிப் போனார்கள் என்று கேள்வி. நாலாயிரம் வருடமாகச் சாப்பிடுகிறோம் என்று சொன்னால் போதாது, ஆய்வுக்கூடச் சான்று கொண்டு வா என்றார்கள். சான்றுக்குப் பான் தெத் வேண்டும். தோவா அவளுக்கு விற்க மாட்டாள். துவோங்தான் வாங்கி வந்தார்.

"இவ்வளவு எதுக்கு? யாரு தின்னப் போறா," என்று தோவா கேட்டாளாம்.

"பசி," என்றாராம் அவர்.

ஆய்வுக்கூட முடிவு வந்தபோது உயென் அதை இரண்டு தடவை படித்தாள். இலையைப் பிரிக்காத பான் தெத் வெளியில் ஒரு நாள் தாங்கும். அதற்கு மேல் உறுதி சொல்ல முடியாது. தோவாவின் கம்பியில் அது முன்பு மூன்று நாள் தொங்கும். ஊர் மூன்று நாள் கேட்டது, குழு ஒன்றுமே தர மாட்டேன் என்றது. அவள் ஒரு நாளைப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டாள். முதல் வருடம் மசோதா குழுவிலேயே செத்தது. இரண்டாம் வருடம் அவையில் செத்தது. மூன்றாம் வருடம் நிறைவேறியது. அவித்த நேரத்தை முத்திரை ஒட்டி, ஒரு நாளுக்குள் விற்றால் வெளியில் வைக்கலாம்.

காப்பிக் கடையில் கொண்டாட்டம் ஒன்றும் இல்லை. "மூணு நாள் பண்டத்த ஒரு நாளாக்கிட்டா," என்றார்கள்.

உயென் அந்த வேலையையும் விட்டுவிட்டு நேராகத் தோவாவின் கடைக்குப் போனாள். பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளுக்குத் தினமும் புதிதாகப் பான் தெத் அனுப்பும் வியாபாரம், உரிமம், வண்டி எல்லாம் தன் பொறுப்பு, அடுப்பு தோவாவுடையது என்றாள். தோவா இலையைத் துடைப்பதை நிறுத்தவில்லை.

"திருமதி தோவாவுக்கு இந்த வயசுல கூட்டாளி எதுக்கு?"

"உங்களுக்கு வேண்டாம். என் வியாபாரத்துக்கு உங்க கட்டு வேணும். வேற யார் கட்டும் வண்டியில அவிழ்ந்துடும்."

புகழ்ச்சி என்றால் தோவாவுக்குப் பலவீனம். ஒரு மாதம் இழுத்தடித்துச் சம்மதித்தாள். கடையில் வேலை விஷயத்துக்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை. "அடுப்பு", "இலை", "வண்டி" என்று பெயர்ச்சொல்லாகவே பேசினாள், எந்த உறவும் சொல்ல வேண்டியிராத மாதிரி.

கூட்டு வியாபாரத்தின் முதல் தெத்துக்கு முந்தின நாள். வாசலில் வரிசை வாகன நிறுத்துமிடத்தைச் சுற்றி வந்தது, கடையில் இருந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது. முதல் நாளே சூப்பர் மார்க்கெட்டுக்குக் கிளம்பிய வண்டி வழியில் பழுதாகி, எட்டுக் கூடைகளோடு இன்று மத்தியானம்தான் திரும்பி வந்தது. உயென் முத்திரையைப் பார்த்தாள். ஒரு நாள் தாண்டி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

"கடைக்குள்ள கொண்டா. வரிசையில இருக்கறவங்களுக்குக் குடுத்துடலாம்," என்றாள் தோவா.

"முடியாது. நேரம் தாண்டிடுச்சு."

"ஒரு மணி நேரம்! மோந்து பாரு, மணம் மாறியிருக்கா? முத்திரைய உரிச்சிட்டு வேற ஒட்டு. இன்னிக்கு எந்த அதிகாரி வரப்போறான்?"

உண்மைதான், எந்த அதிகாரியும் வரப்போவதில்லை. பண்டம் கெட்டிருக்கவும் இல்லை, அது உயெனுக்கும் தெரியும். அவள் முதல் கூடையை இழுத்துக்கொண்டு போய்க் குப்பைத்தொட்டியில் கவிழ்த்தாள். வரிசையில் நின்ற ஒரு கிழவி "ஐயோ" என்று வாய்விட்டுக் கத்தினாள். தோவா ஓடி வந்து இரண்டாவது கூடையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் ராத்திரி முழுக்க நின்னு கட்டினது!"

"தெரியும். நானும்தான் நின்னேன்."

"அப்புறம் எதுக்குடி இப்படிப் பண்ற?"

உயென் கூடையின் மறு காதைப் பிடித்தாள். "ஒரு நாள் தாங்கும்னு நான் மூணு வருஷம் சத்தியம் பண்ணியிருக்கேன். இன்னிக்கு இங்க ஒருத்தருக்கு வயிறு வலிச்சா, அது அரிசியால வலிச்சாலும் சரி, அவங்க குடிச்ச பீரால வலிச்சாலும் சரி, இந்தச் சட்டம் போயிடும். உங்க கடைக்கு மட்டும் இல்ல, எல்லாக் கடைக்கும். விடுங்க கூடைய."

தோவா விடவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு காதைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வரிசை மொத்தமும் பார்த்துக்கொண்டிருந்தது. காப்பிக் கடை ஆண்கள் நாற்காலியை விட்டு எழுந்து வந்துவிட்டார்கள். துவோங் மட்டும் வரவில்லை.

பிறகு தோவா கூடையைத் தன் பக்கம் இழுத்தாள். உயென் பிடியை விட்டதும் அதைத் தூக்கித் தொட்டிக்குள் தானே கவிழ்த்தாள். மூன்றாவதையும் அவளே கவிழ்த்தாள். உருளைகள் கட்டு அவிழாமல் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. அவள் அழுதுகொண்டுதான் கொட்டினாள், கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. எட்டும் முடிந்ததும் வரிசையைப் பார்த்துச் சத்தம் போட்டாள்.

"இன்னிக்கு இல்ல! நாளைக்குக் காலைல வாங்க. நிக்கறதா இருந்தா உள்ள வந்து இலையத் துடைங்க!"

பாதிப் பேர் முணுமுணுத்துக்கொண்டு கிளம்பினார்கள். கிழவி உள்ளே வந்து உட்கார்ந்தாள். அவள் பின்னால் இன்னும் சிலர் வந்தார்கள்.

தோவா அரிசி மூட்டையைப் பிரித்தாள். உயென் பக்கம் திரும்பாமலே பேசினாள்.

"அன்னிக்குக் கடைய மூடச் சொல்லாம விட்டது நீதான்னு எனக்கு அந்த வாரமே தெரியும். உங்கப்பனுக்கு வாய் நிக்காது. தெரிஞ்சும் எனக்குக் கோவம் போகல. இப்பவும் போகல."

"சரி."

"என்ன சரி? நின்னுட்டு இருக்க. அடுப்பப் பத்த வை."

உயென் அடுப்பைப் பற்ற வைத்தாள்.