சாலை சிவந்த சனிக்கிழமை

ஈப்போ பழைய நகரத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே சந்தில்தான் போய் நிற்பார்கள். ஒரே சுவர் ஓவியத்தைப் படம் எடுத்து, ஒரே கடையில் வெள்ளைக் காப்பிக்கு வரிசை பிடிப்பார்கள். அங்கே குடியிருப்பவர்கள் தங்கள் வாசலில் கால் வைக்க முடியாமல் புகார் மேல் புகார் எழுதினார்கள். அந்தக் கூட்டத்தைப் பிரித்து அனுப்புவது என் வேலை. எங்கள் கணினி வரைபடத்தில் ஓடும் சாலை பச்சையாகவும், நெரியும் சாலை சிவப்பாகவும் தெரியும். சிவப்பை நோக்கிப் போகிறவர்களின் கைப்பேசியில் வேறோர் இடத்தைக் காட்டுவோம்.

பத்து காஜா ஊருக்குப் பக்கத்தில் உள்ள பழைய ரப்பர் தோட்டத்தை அந்த வேறு இடமாகச் சொன்னது நான்தான். ஆறு, ரப்பர் ஷீட்டுகளுக்குப் புகை போட்ட கொட்டகை, ஒரு சின்னத் தேவாலயம் எல்லாம் அங்கே இருந்தன. என் அக்காவும் இருந்தாள், அதை ஏன் மறைக்க வேண்டும்? மச்சானுக்குச் சிறுநீரகம் பழுதாகி வேலை போனபின் வீடு அவள் தலையில்தான். தேவாலயத்து அண்டாவைக் கேட்டு வாங்கி, வருகிறவர்களுக்கு விற்கக் கம்பத்து நாட்டுக்கோழிக் கறி சமைத்தாள்.

சோதனை ஓட்டத்துக்கு மேலதிகாரி குறித்தது சனிக்கிழமை. அன்று மச்சானுக்கு டயாலிசிஸ். வேறு நாளுக்கு மாற்றச் சொல்லிக் கேட்டேன். சாலை அகலம்தானே, நோயாளி வேன் போகாதா என்றார். வரைபடத்தில் அகலம்தான். இரண்டு ஓரத்திலும் காரை நிறுத்திவிட்டு ஆற்றில் இறங்குவார்கள் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

அன்று பழைய நகரம் பச்சையானதும் அலுவலகத்தில் கை தட்டினார்கள். நான் தோட்டச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது மஞ்சளாகி, சிவந்தது. அக்கா அழைத்தாள்.

"தம்பி, ஜனம் வந்துக்கிட்டே இருக்கு லா! பாதி அண்டா போயிருச்சு."

"மச்சான் கெளம்பிட்டாரா?"

"வேன்ல ஏறிட்டாரு. ஆனா வேன் நகரல. சர்ச்சு முன்னாலயே நிக்குது."

மழைக்காலத்தில் ஒரு முறை டயாலிசிஸ் தவறி, மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் கிடந்தவர் அவர்.

"தோட்டத்து கேட்ட மூடச் சொல்றேன்கா. உள்ள வர்ற காரு நின்னாதான் வேன் வெளிய வரும்."

"மூடாத தம்பி! எல்லா வீட்டுலயும் கடன வாங்கி கட போட்டிருக்காங்க. கொஞ்ச நேரத்துல தன்னால சரியாயிடும். இரு, அவருகிட்டயே கேளு."

"நான் இருந்துக்குவேன் மச்சான்," என்றார் அவர், வேன் ஜன்னல் வழியாகப் போனை வாங்கி. "அவ விக்கட்டும். எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

பின்னால் நின்ற மேலதிகாரி, நகரம் எவ்வளவு பச்சையாக இருக்கிறது பார், இன்னும் கொஞ்சம் பொறுப்போம் என்றார். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. கேட்டில் நின்ற காவலாளியை அழைத்து மூடச் சொன்னேன். கைப்பேசிகளில் இருந்தும் தோட்டத்தை எடுத்துவிட்டேன். மேலதிகாரி கத்தினார். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சிவப்பு லேசில் கரையவில்லை. காவலாளி திரும்ப அழைத்து வேன் கேட்டைத் தாண்டிவிட்டது என்று சொல்லும்வரை நான் திரையை விட்டு நகரவில்லை. அதற்குள் பழைய நகரம் மறுபடியும் சிவந்திருந்தது.

அடுத்த அழைப்பு அக்காவுடையது. "எங்க வயித்துல அடிச்சிட்டியே தம்பி. அவரே இருந்துக்குறேன்னு சொன்னாருல?" பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டாள்.

வேலை முடிந்ததும் நேரே டயாலிசிஸ் நிலையத்துக்குப் போனேன். கையில் குழாய்களோடு மச்சான் சாய்ந்திருந்தார்.

"அக்கா ரொம்ப கோவமா இருக்கா. நீங்களும் அவசரம் இல்லன்னுதான சொன்னீங்க?"

அவர் வாசலைப் பார்த்தார். அக்கா வரவில்லை என்று உறுதியானதும் இன்னொரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அவ பக்கத்துலயே நின்னா மச்சான். வேற என்னத்த சொல்ல? செத்துருவேனோன்னு பயந்துட்டேன் லா. அவகிட்ட சொல்லிறாத."

நான் சொல்லவில்லை. அக்கா இன்றும் அந்தச் சனிக்கிழமையை இழுத்து என்னைத் திட்டுகிறாள். வாங்கிக்கொள்கிறேன்.