பதினேழாம் நம்பர் தட்டு

“...தட்டு மூணு நாளா நனையல சார். செருப்பும் ரூம் வாசல்லயே கெடக்குது. மலைக்குப் போற புள்ள அத வுட்டுட்டா போவும்?”

கேட்டவர் முனியம்மா, எங்கள் மெஸ்ஸில் பாத்திரம் தேய்ப்பவர். எதையும் கேள்வியாகவே சொல்வார். “நேரா சொன்னா எதுத்துப் பேசறாளேன்னுவீங்க” என்பது அவர் விளக்கம்.

நான் அந்த மலையடிவாரக் கல்லூரி விடுதியில் மெஸ் கிளார்க். எண்பதுகளின் தொடக்கம். பிள்ளைகளில் பாதிப்பேர் மேலே மலையிலுள்ள புதூர்நாடு, நெல்லிவாசல்நாட்டுக்காரர்கள். புளி உலுக்கும் மாதத்தில் லீவ் லெட்டர் எழுதாமலே நடந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள். அதனால் சாப்பிட வராத மலைப் பிள்ளையின் பெயருக்கு நேரே ரிஜிஸ்டரில் ‘ம’ போட்டுவிடுவோம். மலைக்குப் போனான் என்று பொருள். யாரும் போய்ப் பார்ப்பதில்லை.

பதினேழாம் நம்பர் தட்டு வெள்ளையனுடையது. இங்கிலீஷ் பேப்பரில் தவறியதிலிருந்து அவன் யாரோடும் பேசவில்லை. சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போவான். இதெல்லாம் எனக்குத் தெரியும். வார்டனிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்ததும் உண்டு. நினைத்ததோடு சரி. அறைத்தோழர்கள் எல்லோரும் புளிக்குப் போனதால் அவனும் போயிருப்பான் என்று மூன்று நாளும் ‘ம’ போட்டேன்.

“மலைக்காரனுக்குச் செருப்பு இன்னாத்துக்கு முனியம்மா? போயி அண்டாவத் தேய்” என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

மறுநாள் காலை அறைத்தோழன் ஒருவன் திரும்பி வந்து கதவைத் தட்டினான். உள்ளே தாழ்ப்பாள். உடைத்தோம். காமாலை முற்றி, நினைவில்லாமல் கிடந்தான் வெள்ளையன். தண்ணீர்க் குடம் காலி. ஆஸ்பத்திரியில் அன்று மாலை வரைகூடத் தாங்கவில்லை.

என் நாற்காலிக்கும் அந்தக் கதவுக்கும் இடையே அறுபது தப்படி. பிறகு நடந்து பார்த்து எண்ணினேன். விடுதி வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: வராத பிள்ளையின் பெயருக்கு நேரே எதையாவது எழுதுமுன் அவன் கதவைத் தட்டிவிட்டு வாருங்கள். மனசில் உறுத்தியதை அன்றைக்கே மேலே சொல்லுங்கள்.

அடுத்த நாள் அவன் அப்பா மலையிலிருந்து இறங்கி வந்தார். மெஸ்ஸில் என் மேஜையில் வைத்தே வார்டன் அவருக்கு ரிஜிஸ்டரைத் திருப்பிக் காட்டினார்.

“பாருங்க, மூணு நாளும் ‘ம’ போட்ருக்கு. பையன் இங்க இல்ல. எங்கியோ சுத்திட்டு, ஒடம்பு கெட்டப்புறம் வந்து படுத்திருக்கான்.”

“வூட்டுக்கு வரலிங்களே சாமி” என்றார் அவர். “அப்ப எங்கிங்க இருந்தான்?”

கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நான் ரிஜிஸ்டரைப் பார்த்தேன்.

முனியம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். அடுக்கிலிருந்து பதினேழாம் நம்பர் தட்டை உருவினார். வார்டனைத் தாண்டி வந்து அதை அந்த மனிதர் கையில் கொடுத்தார்.

“இங்கதான் இருந்தான். நான் இவருகிட்ட சொன்னேன்” என்று என்னைக் கைநீட்டிக் காட்டினார்.