ஆறு வருடம் தப்பாகச் சொன்ன லைன்

1. மூன்றாம் நாள் காலை

டாக்டரம்மா பட்டர் என்கிற கோல்ஃப் மட்டையைப் புல்லில் போட்டுவிட்டுத் தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். "கோச், இது என் கை மாதிரியே இல்ல. வந்தப்ப இருந்தத விட மோசமா ஆடுறேன்" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பெங்களூர் கோல்ஃப் மைதானத்தில் பதினெட்டு வருடம், ஆடுகிறவர்களின் மட்டைப் பையைத் தூக்கும் கேடியாக இருந்து ஆட்டம் கற்றவன் நான். பிறகு சொந்த ஊரான திருவண்ணாமலைக்கே வந்து, செங்கம் ரோட்டுப் பக்கம் ஒரு ரிசார்ட்டில், விருந்தாளிகளுக்குப் பட்டிங் சொல்லிக்கொடுத்து ஆறு வருடம் ஆகியிருந்தது. பட்டிங் என்றால் பந்தைத் தரையோடு உருட்டிக் குழியில் போடுவது. பார்க்கிறவனுக்குச் சுலபம்.

அந்தம்மாவுக்கு அடுத்த திங்கட்கிழமை சென்னையில், அவர் கிளப்பில் டீம் செலக்‌ஷன். போன இரண்டு தடவையும் ஆறடி தூரப் பட்டிங்கில்தான் கோட்டை விட்டிருந்தார். அதைச் சரிசெய்யவே லீவு போட்டு வந்திருந்தார்.

என் பாடம் எல்லோருக்கும் ஒன்றுதான். கப்பை, அதாவது அந்தக் குழியைப் பார்த்து நின்றால் இடது பக்கம் மலை. மலைப் பக்கம் மேடு, வலது பக்கம் பள்ளம். அதனால் கப்புக்கு நாலு விரற்கடை இடது பக்கம் குறிவைத்தால், பந்து தானாக வலது பக்கம் இறங்கிக் கப்புக்கு வரும். அவரும் அச்சுப்பிசகாமல் அப்படியே அடித்தார். பந்து வலது பக்கம் வராமல் இடது பக்கமே விலகிப் போனது. மணிக்கட்டு திரும்புகிறது என்று முதல் நாள் மட்டையைப் பிடிக்கும் கிரிப்பை மாற்றினேன். இரண்டாம் நாள் நிற்கும் விதத்தை மாற்றினேன். மூன்றாம் நாள் அடிக்கிற ஸ்ட்ரோக்கையே மாற்றச் சொன்னபோதுதான் பட்டரைக் கீழே போட்டார்.

2. ஒரு பக்கெட் தண்ணீர்

அவர் டிபன் சாப்பிடப் போனார். குழி இருக்கும் புல்தரையான கிரீனில் களை பிடுங்கிக்கொண்டிருந்த செல்வி தலை தூக்கினாள். அடி அண்ணாமலையிலிருந்து வேலைக்கு வருகிறவள். செருப்பைப் புல்லுக்கு வெளியே கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே கால் வைப்பாள்.

"பாய், அந்தம்மா மேல தப்பில்ல. தரை மலைப் பக்கமாத்தான் சரியுது" என்றாள்.

மலைப் பக்கம் எப்படியம்மா சரியும், உன் வேலையைப் பார் என்று எரிந்து விழுந்தேன். அவள் அசரவில்லை.

"கண்ணுக்குத்தான் அப்பிடித் தெரியும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி வெறுங்கால்ல மலையச் சுத்துறேன் பாய். மேடு எது, பள்ளம் எதுனு காலுக்குத் தெரியாதா?"

அவள் வாயை அடைக்கவே பக்கெட்டில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினேன். தண்ணீர் ஒரு கணம் தயங்கிவிட்டு மலையைப் பார்த்து ஓடியது. நம்பாமல் இன்னொரு பக்கெட் கொண்டுவந்து வேறு இடத்தில் ஊற்றினேன். அதுவும் அப்படியே ஓடியது. கிரீன் போட்டவர்கள் மலைக்கு எதிரே, ரோட்டுப் பக்கம் மண்ணை ஜாஸ்தியாகக் கொட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் அவ்வளவு பெரிய மலை நிற்கவே, என் கண் ஏமாந்திருக்கிறது.

அப்படியானால் நான் அடிக்கும் பந்து மட்டும் தினமும் எப்படி விழுந்தது? பந்தை வைத்து மெதுவாக அடித்துப் பார்த்தேன். வாய் இடது என்று சொல்ல, என் கை யாருக்கும் தெரியாமல் வலது பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. எனக்கே தெரியாது. மற்ற விருந்தாளிகள் அரை மணி நேரம் விளையாடிப் போட்டோ எடுத்துக்கொண்டு போனவர்கள். நான் சொன்னதை மூன்று நாள் அப்படியே செய்த முதல் ஆள் இந்த டாக்டரம்மாதான்.

3. டிபன் மேஜை

மறைத்துவிடலாமா என்ற எண்ணம் வராமல் இல்லை. ஆனாலும் போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இட்லியைப் பிட்ட கையோடு என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"ஆறு வருஷத்துல எத்தனை பேர் கைய மாத்தினீங்க, கோச்?"

அவர் போட்டுவிட்டு வந்த பட்டரை எடுத்து வந்து அவரிடம் நீட்டினேன்.

அன்று மாலை அவர் ஊருக்குக் கிளம்பும்வரை கிரீனில் இருந்தோம். அவர் ஷூவைக் கழற்றச் சொன்னேன். பந்துக்கும் கப்புக்கும் நடுவில் வெறுங்காலோடு நின்று, எந்தக் காலில் பாரம் ஜாஸ்தி விழுகிறது என்று பார்க்கச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு, இடது கால் என்று உடனே சொல்லிவிட்டார். பந்து போகவேண்டிய லைன் கிடைத்துவிட்டது. கைதான் திரும்பவில்லை. பழைய கிரிப்பைப் பிடித்தாலும், அடிக்கிற நேரத்தில் நான் சொல்லிக்கொடுத்தபடியே மணிக்கட்டு இறுகிக்கொண்டது.

திங்கட்கிழமை சாயங்காலம் போன் செய்தார். "இடம் கிடைக்கல கோச். ஆறடிதான். லைன் கரெக்டாப் பாத்தேன், கை பூட்டிக்கிச்சு."

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். முதலில் ஷூவைக் கழற்றித் தரையைப் பாருங்கள். அடுத்தவர் கையை அப்புறம் தொடலாம். நீங்கள் சொன்னதை அப்படியே செய்கிறவர் திரும்பத் திரும்பத் தவறவிட்டால், தப்பு சொன்னவனிடம் இருக்கிறது. எனக்கு இது தெரிய ஒரு பக்கெட் தண்ணீர் போதுமாயிருந்தது. அதை நான் ஆறு வருடம் ஊற்றவில்லை.