தூங்கியவருக்குச் சொன்ன படங்கள்

மெழுகுக் கத்தியை விளக்குச் சுடரில் காட்டியபடியே அம்மா திட்டிக்கொண்டிருந்தார். எதிரே, பிளாஸ்டர் அச்சுகளின் மேல் சாய்த்து வைத்த செல்போனில் ‘நெடுவான்’ ஒன்பதாம் பாகத்தின் முன்னோட்டம் திரும்பத் திரும்ப ஓடியது. “கப்பலுக்குப் புதுசா பெயின்ட் அடிச்சு வச்சிருக்கானுங்க. சண்டையில அடி வாங்குன கப்பல், ஷோரூம்ல நிக்கிற மாதிரி மின்னுது. உருப்படுமா?” கத்தி சூடேறியது. ஒரு கடைவாய்ப்பல்லை எடுத்து மெழுகில் பதித்து, அச்சைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். பல் நேராக இருந்தது. படம் கோணலாகத்தான் இருக்கும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

அம்மா பல் செட் செய்பவர். மருந்துக்கடைக்கு மேலே நீளமான ஓர் அறை. ஜன்னலோரம் அவருடைய மேஜை. பல் மருத்துவர்கள் வாய் அளவுகளை அனுப்புவார்கள். ஆளைப் பார்க்காமலே ஆளைப் பற்றிப் பேசுவார். “இவரு இடது பக்கமாவே மெல்லுறவரு. இந்தம்மா தூக்கத்துல பல்லக் கடிக்குது, வீட்டுல ஏதோ சரியில்ல.” ஜன்னல் கட்டையில் ஒரு விண்கப்பல் நிற்கிறது. நெடுவான் படங்களில் வரும் ‘தும்பி’ அது. பல் செட்டுக்கு ஈறு செய்யும் பொருளில் அம்மாவே வார்த்தது. அதனால் ஈறு நிறம். புதிதாக வருகிறவர்கள் அதை ஏதோ ஒரு பெரிய மிருகத்தின் தாடை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

நெடுவான் முதல் பாகம் வந்தபோது அம்மாவுக்குப் புதிதாகக் கல்யாணம் ஆகியிருந்தது. ஒரு கப்பல், அதன் தலைவி, எதற்கெடுத்தாலும் முணுமுணுக்கும் ஒரு மாலுமி. சில வருடங்களுக்கு ஒருமுறை புதிய பாகம் வருகிறது. ஒவ்வொரு பாகமும் வெளியாகும் முன்பே ரசிகர்கள் அதை வெறுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். செல்போனில் அவர்களுக்கு ஒரு குழு இருக்கிறது. அம்மாவுக்கு அங்கே ‘கடைவாய்ப்பல்’ என்று பெயர். நீளநீளமாக எழுதப்படும் கருத்துகளுக்குக் கீழே அம்மா பெரும்பாலும் ஒரே சொல்லைத்தான் பதிலாகப் போடுவார்: “தப்பு.”

ஆனாலும் குழு அவருக்காகக் காத்திருக்கும். ஒரு பாகத்துக்கும் இன்னொரு பாகத்துக்கும் பொருந்தாத இடங்களை ஒட்டவைக்க அவரைவிட்டால் ஆளில்லை. முதல் நாள் சண்டை முற்றும்போது யாராவது எழுதுவார்கள்: “கொஞ்சம் பொறுங்க. கடைவாய்ப்பல் வீட்டுக்குப் போய்ச் சேரட்டும்.”

வீட்டுக்குப் போய்ச் சேர்வதில்தான் விஷயம் இருந்தது.

அப்பா பேருந்து ஓட்டுநர். ஊரின் முதல் பேருந்து அவருடையது. விடியும் முன் எழுகிறவருக்கு மதியக் காட்சியில் கண் எப்படித் திறந்திருக்கும்? விளக்கு அணைந்ததும் தூங்கிவிடுவார். அதற்காக அவர் வெட்கப்பட்டதே இல்லை. “இருட்டு, குளிரு, மெத்தை வச்ச நாற்காலி. டிக்கெட் அதுக்குத்தான்.” எட்டுப் பாகங்களுக்கும் அம்மாவோடு போனார். ஒன்றையும் முழுதாகப் பார்க்கவில்லை.

படம் முடிந்து வெளியே வரும்போது அம்மா கொதித்துக்கொண்டிருப்பார். “இத்தோட சரி. அடுத்தது வந்தா இந்தப் பக்கமே தலை வச்சுப் படுக்க மாட்டேன்.” அப்பா கண்ணைத் தேய்த்துக்கொண்டு, “என்னதான் ஆச்சு, முதல்லேருந்து சொல்லு” என்பார். இருவரும் வீட்டுக்கு நடப்பார்கள். நானும் சில முறை பின்னால் நடந்திருக்கிறேன். நான்காம் பாகத்தன்று கேட்டது இது.

“அப்ப அந்தச் சமையக்காரன் செத்துட்டானா?”

“அவன் மூணாம் பாகத்துலயே போயிட்டான்.”

“இன்னைக்கு வந்து நின்னானே. பாதிக் கண்ணுல பார்த்தேனே.”

“அது அவன் தம்பி.”

“தம்பியும் அதே சட்டையப் போட்டிருக்கான்?”

அம்மா நின்றுவிட்டார். படத்தில் அந்தச் சட்டைக்கு விளக்கம் இல்லை. காரணம் ஒன்று கிடைக்காமல் அவரால் அடுத்த அடி வைக்க முடியாது. பின்னால் வந்த சைக்கிள்காரர் மணியடித்துவிட்டுச் சுற்றிக்கொண்டு போனார். “அண்ணன் சட்டையத்தான் போட்டிருக்கான். அதனாலதான் தலைவி அவனப் பார்த்ததும் பேச வராம நிக்கிறா.”

“அட. நல்லாருக்கே.”

“நல்லாத்தான் இருக்கு” என்றார் அம்மா, கொஞ்சம் எரிச்சலோடு. வீட்டுக் கதவைத் திறக்கும்போது நான்காம் பாகம் நல்ல படமாகிவிட்டிருந்தது.

பாலங்களின் அதிர்வை அளப்பது என் வேலை. எதையும் எதோடாவது ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் உண்டு. ஆறாம் பாகத்தை உலகத்தில் யாருக்கும் பிடிக்காது; பாதிப் படத்துக்குத் தலைவி மயக்கத்தில் கிடக்கிறார். அம்மாவுக்கு அது உயிர். அன்று தெருவில் குழாய் வெடித்து, சுற்றுவழியில் வெகுநேரம் பேசிக்கொண்டே நடந்து வந்தார்கள். ஏழாம் பாகம் எல்லோருக்கும் பிடித்தது. அம்மாவுக்கு மட்டும் இன்றுவரை ஆகாது. அன்று மழை; அம்மாவின் முதலாளி காரில் ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் விட்டார். எட்டுப் படங்களை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. இருந்தாலும் நான் நம்புகிறேன்.

இந்த வருடத் தொடக்கத்தில் அப்பா இறந்தார். இதயம். வண்டியை நிறுத்தத்தில் நிறுத்தி, கைப்பிரேக்கைப் போட்டிருந்தார்.

அதன் பிறகு வந்த முதல் பாகம் ஒன்பதாவது. அம்மா போவாரா என்று எனக்குத் தெரியவில்லை. “போகாம? திட்டுறதுக்காவது பார்க்கணுமே” என்றார். கூட நான் போனேன்.

நான் செய்த தவறு, விழித்திருந்தது.

இரண்டாம் பாகத்தில் ‘ஊமை மண்டலம்’ என்று ஓர் இடம் வரும். உள்ளே போனால் எந்தச் சமிக்ஞையும் வராது, போகாது. ரசிகர்களுக்கு அது சட்டம். ஒன்பதாம் பாகத்தில் கிழட்டு மாலுமி ஒரு சின்னப் படகில் அதற்குள் போய்விடுகிறார். வெளியே கப்பலில் தலைவி. இருவரும் வானொலியில் சாவகாசமாகப் பேசிக்கொள்கிறார்கள். திரையரங்கில் பாதிப் பேர் உச்சுக் கொட்டினார்கள். பின்வரிசையில் ஒருவர், “ரெண்டாம் பாகத்த இவங்க பார்க்கலையா?” என்று சத்தமாகவே கேட்டார்.

வெளியே வந்து நடந்தோம். “அந்த ஊமை மண்டலத்துல போயி...” என்று அம்மா ஆரம்பித்தார்.

“ஆமாம்மா, பார்த்தேன்” என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தார். “ஆமா, நீதான் பார்த்தியே” என்றார். பிறகு வீடு வரைக்கும் காய்கறி விலையைப் பற்றிப் பேசினோம்.

குழுவில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கடைவாய்ப்பல் எங்கே? கடைவாய்ப்பல்லுக்கு என்ன ஆச்சு? அம்மா செல்போனை மேஜை டிராயருக்குள் வைத்து மூடிவிட்டார். அந்த வாரக் கடைசியில், செய்து முடித்த பல் செட்டுகளை மருத்துவர்களிடம் கொண்டுபோய்க் கொடுக்கும் ஸ்கூட்டர் தம்பி வந்தார். அவரும் நெடுவான் ரசிகர்தான். புதிய பாகங்களின் பக்கம் நிற்பவர். அம்மாவோடு மல்லுக்கு நிற்காமல் அவருக்கு அந்த அறையை விட்டுப் போகத் தெரியாது.

“என்னக்கா, ஒன்பது எப்படி? வயசானவங்களுக்குப் புதுசு புடிக்காதே.”

“உனக்கும் வயசாகும். அப்ப பல்லுக்கு என்கிட்டதான் வரணும்” என்றார் அம்மா. வழக்கமான பதில்தான், சூடு இல்லை. ஜன்னலிலிருந்து கப்பலை எடுத்து அவர் பெட்டியின் மேல் வைத்தார். “இத நீயே வச்சுக்கோ தம்பி. எனக்கு இனிமே இதெல்லாம் போதும்.”

தம்பி கப்பலைத் தொடக்கூட இல்லை. “இந்தப் பெட்டியில பல்லு மட்டுந்தான்க்கா ஏத்துவேன்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். கீழே என்னைப் பார்த்தபோது ஹெல்மெட்டைக் கழற்றி, மேலே நடந்ததைச் சொன்னார். “அம்மாவ இன்னொரு தடவ கூட்டிட்டுப் போங்க. திட்டாம இருக்காங்க. பயமா இருக்கு.”

போனோம். இந்த முறை என்னிடம் திட்டம் இருந்தது. விளக்கு அணைந்ததும் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டேன். மூச்சைச் சீராக விட்டேன். கப்பல் கிளம்பும் சத்தம் கேட்டது. சண்டைச் சத்தம் கேட்டது. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

“கண்ணத் திற” என்றது அம்மாவின் குரல். திரையிலிருந்து அவர் பார்வை திரும்பவில்லை. “உங்கப்பா தூங்குனா வாய் திறந்துக்கும், குறட்டை வரும். முன் சீட்டுக்காரன் திரும்பி ஒரு முறை முறைப்பான். நீ என்னமோ போட்டோவுக்கு உக்காந்த மாதிரி தூங்குற.”

கண்ணைத் திறந்தேன். மீதிப் படத்தை இரண்டு பேரும் பார்த்தோம்.

திரையரங்கின் வாசற்படிகளில் வெயில் இருந்தது. எதிர்ப்பக்கம் பேருந்து நிறுத்தம்; இந்த முறை நடக்க வேண்டாம், பேருந்திலேயே போய்விடலாம் என்றிருந்தேன். படியில் ஓர் இளம்பெண் கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நின்றார். வெளியே வருகிறவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு அம்மாவைத் தேர்ந்தெடுத்தார்.

“அக்கா, அந்த மாலுமி பொழச்சிட்டானா? இவன் வீல்னு கத்த ஆரம்பிச்சிட்டான், பாதியிலயே வெளிய வந்துட்டேன்.”

“எதுவரைக்கும் பார்த்தீங்க?”

“படகெடுத்துட்டுக் கிளம்புறான். அதோட சரி.”

“அய்யோ, அதுக்கப்புறந்தானே எல்லாமே” என்றார் அம்மா. கைப்பையைப் படியில் வைத்தார். அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்தப் பெண்ணும் உட்கார்ந்தார். குழந்தை அம்மாவின் மூக்குக் கண்ணாடியைப் பிடித்தது. அம்மா அதைக் கழற்றி அதன் கையிலேயே கொடுத்துவிட்டுச் சொல்லத் தொடங்கினார். படகு ஊமை மண்டலத்துக்குள் போனது. துரத்தியவர்கள் போனார்கள். வாயாலேயே இரண்டு வெடிச்சத்தங்கள். டிக்கெட் கிழிப்பவர் கதவருகே நின்று கேட்டார்.

“பொழச்சானாக்கா?”

“இல்லம்மா. அவன் திரும்பி வரல. ஆனா கடைசி வரைக்கும் ரெண்டு பேரும் பேசிக்கிறாங்க.”

“எப்படி? ஊமை மண்டலத்துல எதுவும் கேக்காதே. ரெண்டாம் பாகத்துல சொன்னாங்களே.”

அம்மா நின்றுவிட்டார். உட்கார்ந்தபடியேதான், ஆனால் அந்த நிற்பு எனக்குத் தெரியும். வாய் லேசாகத் திறந்திருந்தது. எதிர்ப்பக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தை கண்ணாடியின் காதுக்கம்பியைக் கடித்தது.

“கேக்காது” என்றார் மெதுவாக. “அவளுக்கும் கேக்கல. அவன் என்ன சொல்லுவான்னு அவளுக்குத் தெரியும். எத்தன வருஷம் கூட ஓட்டுனவ. அவன் பேச்சையும் சேத்து அவளேதான் பேசிக்கிறா. அதான் அவன் முகத்தக் காட்டவே இல்ல, குரல் மட்டும் வருது.”

“படத்துல அப்படியா சொல்றாங்க?”

“சொல்லல. எடுத்தவனுக்கே தெரியல போல.” மூக்கைத் துடைத்துக்கொண்டார். “ஆனா நல்லா எடுத்திருக்கான், பாவி. இருங்க, அந்த எடத்த முதல்லேருந்து சொல்றேன்.”

வளைவில் எங்கள் பேருந்து திரும்பியது. நிறுத்தச் சொல்லிக் கையை உயர்த்தினேன். அம்மா அந்தப் பெண்ணின் முகத்திலிருந்து பார்வையை எடுக்காமல், பேச்சையும் நிறுத்தாமல், என் முழங்கையைப் பிடித்து அந்தக் கையைக் கீழே இறக்கிவிட்டார்.